காட்டுயிர்ப் படத்துக்குக் கேமராவும் லென்ஸும்: எந்த வரிசையில் யோசிப்பது, எப்படி வாங்குவது

பறவை, விலங்கு படமெடுக்க ஆசைப்படும் யாரும் கேட்கும் முதல் கேள்வி "எந்தக் கேமரா வாங்கலாம்?" என்பதுதான். எனக்கு இதற்கு விடை கிடைக்கப் பல மாதங்கள் பிடித்தன. தகவலுக்குப் பஞ்சமே இல்லை. ஆளுக்கொரு கம்பெனியைச் சொன்னார்கள், ஆளுக்கொரு மாடலைக் காட்டினார்கள். எதை முதலில் முடிவு செய்வது, எதைக் கடைசிக்கு விடுவது என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. நீங்களும் அந்த அலைச்சலுக்கு ஆளாக வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

வரிசை இதுதான்: உயிரினம், தூரம், லென்ஸ், மவுண்ட் (பாடியில் லென்ஸ் மாட்டும் இடம், கம்பெனிக்குக் கம்பெனி வேறு), அப்புறம்தான் கேமரா பாடி (லென்ஸ் இல்லாத கேமரா). கடைக்காரர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகத்தான் காட்டுவார்கள்.

1. எந்த உயிரினம், எவ்வளவு தூரம்: முதலில் எழுதி வையுங்கள்

ஒரு தாளை எடுங்கள். அடுத்த ஒரு வருடத்தில் நீங்கள் அடிக்கடி பார்க்கப்போகும் உயிரினங்களை எழுதுங்கள். வாழ்நாளில் ஒருமுறை போக நினைக்கும் பனிமலைப் பயணத்தைக் கணக்கில் எடுக்க வேண்டாம். அதற்கு வாடகை லென்ஸ் போதும். உங்களால் எளிதில் போய்வர முடிகிற ஏரி, வயல், காடு, கடற்கரை, அங்கே இருப்பவை மட்டும் போதும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் இரண்டு எண்களை எழுதுங்கள்: அதன் உடல் அளவு மீட்டரில், அது உங்களை அனுமதிக்கும் தூரம் மீட்டரில்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. உடல் அளவை லென்ஸின் குவியத் தூரத்தால் (லென்ஸின் பெயரில் மி.மீ.யில் வரும் எண்) பெருக்கி, இடையிலுள்ள தூரத்தால் வகுத்தால், அந்த உயிரினம் சென்சாரில் (கேமராவுக்குள் படம் பதியும் சில்லு) எத்தனை மில்லிமீட்டர் உயரத்துக்கு விழும் என்று தெரிந்துவிடும். 20 செ.மீ. நீளமுள்ள சின்னான் 10 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கிறது, கையில் 400 மி.மீ. லென்ஸ் என்றால் 0.2 × 400 ÷ 10 = 8 மி.மீ. சென்சார்கள் பெரிதிலிருந்து சிறிதாக ஃபுல் ஃப்ரேம், ஏபிஎஸ்-சி, மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் என்ற அளவுகளில் வரும். ஃபுல் ஃப்ரேம் சென்சாரின் உயரம் 24 மி.மீ., ஆக பறவை படத்தின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கை நிரப்பும். ஏபிஎஸ்-சி சென்சாரின் உயரம் சுமார் 15.6 மி.மீ. (கேனானில் இன்னும் கொஞ்சம் குறைவு). அதில் பாதிப் படத்தை நிரப்பும். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் உயரம் 13 மி.மீ., அதில் பாதிக்கும் மேல்.

10 செ.மீ. தேன்சிட்டு என்றால் அதே இடத்தில் அதே லென்ஸில் 4 மி.மீ.தான் வரும். 600 மி.மீ. போட்டால் 6 மி.மீ. ஆனால் 3 மீட்டர் உயர யானை 40 மீட்டரில் நின்றால் 400 மி.மீ. லென்ஸில் 30 மி.மீ. வரும், ஃபுல் ஃப்ரேமில் தலை வெட்டுப்படும். அங்கே 200 மி.மீ.யே தாராளம். "காட்டுயிர் என்றால் 600 மி.மீ. இல்லாமல் நடக்காது" என்று யாராவது சொன்னால், எந்த உயிருக்கு என்று திருப்பிக் கேளுங்கள்.

கணக்கில் வரும் எண் உங்கள் சென்சார் உயரத்தில் மூன்றில் ஒன்றாவது இருந்தால் வசதியாக வேலை செய்யலாம். ஆறில் ஒன்றுக்குக் கீழே போனால் படத்தை நிறையக் கிராப் செய்ய (ஓரங்களை வெட்ட) வேண்டியிருக்கும்.

இதில் பலரும் விழும் பொறி: தூரத்தை லென்ஸ் நீளத்தால் ஈடுகட்டிவிடலாம் என்ற நம்பிக்கை. வெயில் ஏறிய பிறகு சூடான தரைக்கும் தண்ணீருக்கும் மேலே காற்று அலையடிக்கும். 100 மீட்டருக்கு அப்பாலுள்ள பறவையை எவ்வளவு விலையுயர்ந்த லென்ஸில் எடுத்தாலும் இறகுகள் குழைந்துதான் தெரியும். அது லென்ஸின் குறையல்ல. காலையில் சீக்கிரம் போவதும், மறைவில் பொறுமையாக உட்கார்ந்து பறவை தானாக நெருங்கும்வரை காத்திருப்பதும்தான் வழி. நாம் நெருக்கிப் போய் அதைப் பறக்கவிடுவதும், கூட்டுக்குப் பக்கத்தில் நிற்பதும் கூடவே கூடாது. கேமராவுக்கு முன்னால் இருப்பது ஒரு உயிர், அதன் நிம்மதி நம் படத்தைவிடப் பெரியது.

2. பணத்தை முன்கூட்டியே பிரித்துவிடுங்கள்

மொத்தத் தொகையை முடிவு செய்ததும் மூன்றாகப் பிரியுங்கள். பாதிக்கு மேல் லென்ஸுக்கு. ஆறில் ஒரு பங்கு மெமரி கார்டு, கூடுதல் பேட்டரி, பை, தாங்கி, சேமிப்பு டிஸ்க், காப்பீடு ஆகியவற்றுக்கு. மிச்சம் பாடிக்கு. இந்தக் கணக்கு என் அனுபவத்தில் வந்தது. கொஞ்சம் முன்னே பின்னே போகலாம். ஆனால் பாடி லென்ஸைவிட விலை அதிகமாகிவிட்டால் ஒரு நிமிடம் நிறுத்தி யோசியுங்கள்.

காரணம் எளிது. பாடிகள் சில வருடங்களுக்கு ஒருமுறை மாறுகின்றன, வந்த வேகத்தில் விலையும் இறங்குகிறது. நல்ல டெலி லென்ஸ் (தூரத்தில் இருப்பதைப் பெரிதாக எடுக்கும் நீள லென்ஸ்) பத்து வருடம் கழித்தும் அதே படத்தைத் தரும், விற்கப் போனாலும் பாடியைவிட நல்ல விலை கிடைக்கும்.

துணைச் செலவை ஒதுக்காமல் விடுவதுதான் புதியவர்களைச் சிரமப்படுத்துகிறது. ஒரு காலைப் பொழுதில் பர்ஸ்ட் முறையில் (அழுத்திப் பிடித்தால் அடுத்தடுத்துப் படம் எடுப்பது) 2000 படங்கள் சர்வ சாதாரணமாகச் சேரும். ஒரு ரா கோப்பு (கேமரா பதிந்தபடியே தரும் மூலப் படம்) 30 எம்பி என்றால் ஒரே நாளில் 60 ஜிபி. அதை இரண்டு இடத்தில் வைத்தால் 120 ஜிபி. ஒரு வருடத்துக்குப் பெருக்கிப் பாருங்கள், டிஸ்க் செலவு தனியாக நிற்கும். இவ்வளவையும் திறந்து பார்க்கும் அளவுக்குக் கம்ப்யூட்டருக்கு வேகம் வேண்டும், ராவைத் திருத்தும் மென்பொருளுக்கு மாதச் சந்தாவும் வரலாம். சில காப்பகங்களில் நுழைவுக் கட்டணம் போக கேமராவுக்குத் தனிக் கட்டணம் உண்டு. லென்ஸின் நீளத்தை வைத்துக் கட்டணம் ஏறும் இடங்களும் இருக்கின்றன.

3. லென்ஸைத் தேர்ந்தெடுங்கள்

நேரத்தை அதிகம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். முதல் படியில் வந்த எண்களை வைத்துக்கொண்டு நான்கு விஷயங்களைப் பாருங்கள்.

முதலாவது, அபெர்ச்சர், அதாவது லென்ஸில் ஒளி நுழையும் திறப்பு. எஃப் எண் சின்னதானால் திறப்பு பெரிது. காட்டுயிர்கள் நடமாடுவது விடியலிலும் அந்தியிலும். அப்போது வெளிச்சம் குறைவு, ஷட்டர் வேகமோ குறையக் கூடாது. நடக்கும் விலங்குக்கு நொடியில் 1/500, ஓடும் விலங்குக்கு 1/1000க்கு மேல், பறக்கும் சின்னப் பறவைக்கு 1/2000 முதல் 1/3200 வரை தேவைப்படும். எஃப்/4 லென்ஸில் ஐஎஸ்ஓ (வெளிச்சக் குறைவை ஈடுகட்ட ஏற்றும் அளவு, ஏற ஏறப் படத்தின் தரம் குறையும்) 3200 போதுமான இடத்தில் எஃப்/5.6க்கு 6400 வேண்டும், எஃப்/8க்கு 12800, எஃப்/11க்கு 25600. கேனான் ஆர்எஃப் 600 மி.மீ. எஃப்/11, 800 மி.மீ. எஃப்/11 லென்ஸ்கள் எடை குறைந்தவை, விலையும் குறைவு. பட்டப்பகலில் அருமையாக வேலை செய்யும். மரங்கள் அடர்ந்த காட்டுக்குள் போகிறவருக்கு அவை பொருந்தாது. அதே ஆள் திறந்தவெளி நீர்நிலைக்கு மட்டும் போகிறார் என்றால் தாராளமாக வாங்கலாம்.

அப்படியானால் ஏன் எல்லோரும் 600 மி.மீ. எஃப்/4 வாங்குவதில்லை? குவியத் தூரத்தை அபெர்ச்சர் எண்ணால் வகுத்துப் பாருங்கள்: 600ஐ 4ஆல் வகுத்தால் 150. முகப்பில் குறைந்தது 150 மி.மீ. அகலக் கண்ணாடி வேண்டும். எஃப்/6.3 என்றால் 95 மி.மீ. போதும். விலையும் எடையும் அந்தக் கண்ணாடியில்தான் இருக்கின்றன. இன்றைய மிரர்லெஸ் (உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத புதிய வகை) கேமராக்களுக்கான 600 மி.மீ. எஃப்/4 லென்ஸ்கள் 3 கிலோவுக்குச் சற்று மேல் வருகின்றன. அதே நீளத்தில் நிக்கான் இசட் 600 மி.மீ. எஃப்/6.3 சுமார் ஒன்றரைக் கிலோதான்.

இரண்டாவது, எடை. எண்ணாகப் படிக்கும்போது பெரிதாகத் தெரியாது. சோனி 200-600, நிக்கான் இசட் 180-600, கேனான் ஆர்எஃப் 200-800 மூன்றுமே 2 கிலோவை ஒட்டியவை. பாடியோடு சேர்த்தால் மூன்று கிலோவை நெருங்கும். அதைக் கையில் ஏந்தி ஒரு பருந்து வட்டமிடுவதைப் பத்து நிமிடம் தொடர்ந்து பார்க்க உங்களால் முடியுமா? வண்டியில் உட்கார்ந்து எடுப்பவருக்கு இது பிரச்சினையில்லை. மலையேறி நடப்பவருக்கு இதுதான் பெரிய பிரச்சினை. கேனான் ஆர்எஃப் 100-400 வெறும் 635 கிராம். எஃப்/8 வரை போகிறது என்ற குறை இருந்தாலும், தினமும் பையில் இருக்கும் லென்ஸ் அதுவாகத்தான் இருக்கும். வீட்டிலேயே இருக்கும் பெரிய லென்ஸால் ஒரு படமும் கிடைக்காது.

மூன்றாவது, ஜூமா பிரைமா. ஜூமில் குவியத் தூரத்தை மாற்றலாம், பிரைமில் ஒன்றே ஒன்றுதான். முதல் லென்ஸ் ஜூமாக இருக்கட்டும் என்பதே என் கருத்து. விலங்கு எந்தத் தூரத்தில் வரும் என்று உங்கள் கையில் இல்லை. யானை திடீரென்று பக்கத்தில் வந்துவிட்டால் 600 மி.மீ. பிரைமில் கண் மட்டும்தான் வரும். பறவையைத் தேடிப் பிடிக்கவும் ஜூம் உதவும்: அகலமாக வைத்துப் பறவையைக் கண்டுபிடித்துவிட்டு அப்புறம் இழுத்துக்கொள்ளலாம். ஒரு வருடம் ஜூமில் எடுத்த பிறகு படங்களின் விவரத்தைப் பாருங்கள். பத்தில் ஒன்பது படம் ஜூமின் கடைசி முனையிலேயே எடுத்திருந்தால் அப்போது பிரைமைப் பற்றி யோசிக்கலாம்.

ஜூமிலும் இரண்டு வகை உண்டு. சோனி 200-600, நிக்கான் 180-600 இரண்டும் உள்ளேயே ஜூம் ஆகும். நீளம் மாறாது, தாங்கியில் வைத்தால் சமநிலை குலையாது, தூசி உள்ளே போகும் வாய்ப்பும் குறைவு. கேனான் 100-500, டாம்ரான் 150-500 போன்றவை வெளியே நீளும். பையில் வைக்கும்போது சின்னதாக அடங்கும். தாங்கியில் வைத்து எடுக்கப் போகிறீர்களா, பையில் போட்டு நடக்கப் போகிறீர்களா என்பதைப் பொறுத்து முடிவு செய்யுங்கள்.

நான்காவது, குறைந்தபட்ச ஃபோகஸ் தூரம், அதாவது எவ்வளவு பக்கத்தில் இருப்பதை லென்ஸால் கூர்மையாக எடுக்க முடியும் என்பது. இதைப் பலர் பார்ப்பதே இல்லை. வண்ணத்துப்பூச்சி, தும்பி, ஓணான், தவளை இவையும் உங்கள் பட்டியலில் இருந்தால் இது முக்கியம். கேனான் ஆர்எஃப் 100-500 பூச்சியை அதன் உண்மையான அளவில் மூன்றில் ஒரு பங்கு வரை சென்சாரில் விழ வைக்கும், தனியாக மேக்ரோ லென்ஸ் (மிக அருகில் எடுப்பதற்கானது) சுமக்கும் தேவை பல நேரம் வராது. சோனி 200-600க்கு 2.4 மீட்டர் இடைவெளி வேண்டும்.

டெலிகன்வெர்ட்டர் (லென்ஸுக்கும் பாடிக்கும் நடுவே மாட்டிக் குவியத் தூரத்தைக் கூட்டும் துணைக் கருவி) பற்றி ஒரு எச்சரிக்கை. "300 வாங்கி 2 எக்ஸ் போட்டால் 600" என்று கணக்குப் போட்டு லென்ஸ் வாங்காதீர்கள். 1.4 எக்ஸ் ஒரு ஸ்டாப், அதாவது பாதி வெளிச்சத்தைத் தின்னும், 2 எக்ஸ் இரண்டு ஸ்டாப். எஃப்/6.3 ஜூமில் 2 எக்ஸ் போட்டால் எஃப்/13 ஆகிவிடும். அந்த வெளிச்சத்தில் ஃபோகஸ் தடுமாறும், கூர்மையும் குறையும். எஃப்/2.8, எஃப்/4 பிரைம்களில் அது அருமையான கருவி. மலிவு ஜூம்களில் 1.4 எக்ஸோடு நிறுத்திக்கொள்வது நல்லது. எல்லா லென்ஸும் எல்லா கன்வெர்ட்டரையும் ஏற்காது என்பதையும் பாருங்கள். உதாரணமாக கேனான் 100-500இல் கன்வெர்ட்டர் மாட்ட ஜூமை 300 மி.மீ.க்கு மேல் கொண்டுபோக வேண்டும். மாட்டிய பிறகு அதற்குக் கீழே இறங்க முடியாது.

4. மவுண்ட்: இங்கேதான் கம்பெனி முடிவாகிறது

இப்போது உங்கள் கையில் இரண்டு மூன்று லென்ஸ் பெயர்கள் இருக்கும். அவை எந்த மவுண்டில் கிடைக்கின்றன என்று பாருங்கள். இதை எழுதும் நேரத்து நிலவரம் சுருக்கமாக:

சோனி ஈ மவுண்டில்தான் வெளிக் கம்பெனி லென்ஸ்கள் அதிகம். சிக்மா 150-600, சிக்மா 500 மி.மீ. எஃப்/5.6, டாம்ரான் 150-500 என்று தேர்வு நிறைய. ஆனால் வெளிக் கம்பெனி லென்ஸ் மாட்டினால் பர்ஸ்ட் வேகம் நொடிக்கு 15 படத்தோடு நின்றுவிடும், சோனியின் டெலிகன்வெர்ட்டரும் மாட்ட முடியாது. 30 படம் எடுக்கும் பாடியை வாங்கிவிட்டு இதை அப்புறம் தெரிந்துகொண்டால் மனசு கஷ்டப்படும்.

நிக்கான் இசட் மவுண்டில் நடுத்தர விலைக்கு நல்ல நீள லென்ஸ்கள் இருக்கின்றன: 180-600, 400 மி.மீ. எஃப்/4.5, 600 மற்றும் 800 மி.மீ. எஃப்/6.3. பறவை மட்டுமே குறி என்றால் எனக்கு இந்த வரிசை மிகவும் பிடிக்கும்.

கேனான் ஆர்எஃப் மவுண்டில் ஃபுல் ஃப்ரேமுக்கான ஆட்டோஃபோகஸ் லென்ஸ்களை சிக்மா, டாம்ரான் தருவதில்லை. ஆனால் கேனானின் பழைய கண்ணாடிக் கேமராக்களுக்கு வந்த ஈஎஃப் லென்ஸ்கள் அடாப்டரில் (இடையே மாட்டும் இணைப்பு வளையம்) மிக நன்றாக வேலை செய்கின்றன, பழைய ஈஎஃப் 100-400 இரண்டாம் பதிப்பை மலிவாக வாங்கி மிரர்லெஸ்ஸில் மாட்டலாம். நிக்கானிலும் எஃப்டிஇசட் அடாப்டரில் 200-500 எஃப்/5.6, 500 மி.மீ. எஃப்/5.6 பிஎஃப் போன்ற பழைய நிக்கான் லென்ஸ்கள் ஓடும். பாடிக்குள் மோட்டார் தேவைப்படும் மிகப் பழைய நிக்கான் லென்ஸ்களுக்கு மட்டும் அந்த அடாப்டரில் ஆட்டோஃபோகஸ் கிடையாது.

ஓஎம் சிஸ்டத்தில் (முன்பு ஒலிம்பஸ்) சென்சார் மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ், சின்னது, அதனால் 300 மி.மீ. லென்ஸ் ஃபுல் ஃப்ரேமில் 600 மி.மீ. தரும் பார்வைக் கோணத்தைத் தரும். தோளுக்குச் சுமை குறைவு, நடந்தே எடுப்பவர்களுக்கும் வயதானவர்களுக்கும் இது உண்மையிலேயே நல்ல வழி. வெளிச்சம் மங்கினால் நாய்ஸ் (படத்தில் வரும் புள்ளிகள்) சீக்கிரம் தெரியும். ஃபுஜிஃபில்மில் 150-600 இருக்கிறது, கடைசி முனையில் எஃப்/8.

அப்புறம் ஒரு நடைமுறை விஷயம்: உங்களோடு களத்துக்கு வரும் நண்பர்கள் எந்த மவுண்ட் வைத்திருக்கிறார்கள்? லென்ஸ் மாற்றிப் பார்க்கவும், அவசரத்துக்குப் பேட்டரி, சார்ஜர் வாங்கவும் அது உதவும். எட்டும் தூரத்தில் எந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டர் இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். லென்ஸைப் பழுதுபார்க்க அனுப்பினால் வாரக்கணக்கில் ஆகும், பறவைகள் இடம்பெயரும் காலத்தில் அது போனால் அந்த வருடமே போன மாதிரி.

5. பாடி: கடைசியில்

மவுண்ட் முடிவானால் பாடி எளிது. பட்ஜெட்டுக்குள் வருபவை இரண்டோ மூன்றோதான் இருக்கும். அவற்றில் முதலில் பார்க்க வேண்டியது ஃபோகஸ். பறவை, விலங்குகளின் கண்ணைக் கண்டுபிடித்துத் தொடரும் வசதி இருக்கிறதா, இலைகளுக்கு நடுவே பறவை மறைந்து வெளிவந்தாலும் விடாமல் பிடிக்கிறதா? மெகாபிக்சலைவிட இதுதான் படத்தைத் தீர்மானிக்கிறது. "விலங்கு" என்று போட்டிருந்தால் பாம்பும் பூச்சியும் அடக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். பல மாடல்களில் நாய், பூனை மாதிரி முகங்களுக்குத்தான் அது நன்றாக வேலை செய்யும்.

அடுத்து சென்சார் படிக்கும் வேகம். மின் ஷட்டரில் சத்தமே வராது, வேகமும் அதிகம். ஆனால் சென்சார் மெதுவாகப் படித்தால் பறக்கும் பறவையின் சிறகு வளைந்து விழும். கேனான் ஆர்7 நல்ல கேமரா, நொடிக்கு 30 படம் என்கிறது, ஆனால் அந்த வேகம் கிடைப்பது மின் ஷட்டரில், அங்கே இந்த வளைவு தெரியும். அதிலேயே இயந்திர ஷட்டரில் நொடிக்கு 15 படம் கிடைக்கும், பறக்கும் பறவைக்கு அதுவே நல்லது. ஸ்டாக்டு சென்சார் (மிக வேகமாகப் படிக்கும் அடுக்குச் சென்சார்) உள்ள நிக்கான் இசட்8 போன்றவற்றில் இந்தக் கவலை இல்லை, அதில் இயந்திர ஷட்டரே கிடையாது. விளம்பரத்தில் "நொடிக்கு இத்தனை படம்" என்று பார்த்தால், எந்த ஷட்டரில், எத்தனை நொடிக்கு என்ற இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கான விடை பஃபர், அதாவது கார்டில் எழுதுமுன் படங்கள் தங்கும் நினைவகம். சில பாடிகள் இரண்டு மூன்று நொடியில் திணறி நின்றுவிடும், மீன்கொத்தி தண்ணீரிலிருந்து எழும்போதுதான் அது நடக்கும்.

ஏபிஎஸ்-சியா ஃபுல் ஃப்ரேமா என்ற விவாதத்தில் நாட்களைக் கழிக்க வேண்டாம். சின்னப் பறவை, தூரம் அதிகம், பட்ஜெட் குறைவு என்றால் ஏபிஎஸ்-சி. பெரிய விலங்கு, மங்கலான வெளிச்சம் என்றால் ஃபுல் ஃப்ரேம். சென்சார் சின்னதாக இருப்பதால் லென்ஸ் நீண்டுவிடுவதில்லை. ஒரே இடத்தில் அதிக பிக்சல்கள் நெருங்கி இருப்பதால் பறவைக்குக் கூடுதல் விவரம் கிடைக்கிறது, அவ்வளவுதான். 45 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேம் படத்தை ஏபிஎஸ்-சி அளவுக்குக் கிராப் செய்தால் சுமார் 20 மெகாபிக்சல் மிஞ்சும், 24 மெகாபிக்சல் பாடியில் பத்துச் சொச்சம்தான் மிஞ்சும்.

ஷட்டரை முழுதாக அழுத்துவதற்கு முந்தைய கணங்களையும் சேர்த்துப் பதிவுசெய்யும் வசதி பறவைகள் கிளையிலிருந்து எழும்பும் படத்துக்குப் பெரிய உதவி. சில மாடல்களில் அது ஜேபெக்கில் மட்டும்தான் வரும், கேட்டுவிட்டு வாங்குங்கள். கார்டு வகையையும் பாருங்கள்: சிஎஃப்எக்ஸ்பிரஸ் டைப் ஏ வேறு, டைப் பி வேறு, ஒன்று மற்றதில் நுழையாது. எஸ்டி கார்டில் வி60, வி90 என்பது நொடிக்குக் குறைந்தபட்சம் 60, 90 எம்பி எழுதும் வேகம் என்று பொருள்.

6. வாங்குமுன் கையில் எடுத்துப் பாருங்கள்

வாடகைக்குக் கிடைத்தால் தேர்ந்தெடுத்த பாடியையும் லென்ஸையும் ஒரு வாரக் கடைசிக்கு எடுங்கள். அந்த வாடகை வீண் செலவல்ல. வாடகை இல்லாத இடத்தில் நண்பரிடம் ஒரு காலை மட்டும் கேளுங்கள். கடைக்குள் நின்று ஷட்டரை அமுக்கிப் பார்ப்பதால் எதுவும் தெரியாது.

களத்தில் மூன்று சோதனைகள் செய்யுங்கள். புறா, காகம் எதுவானாலும் சரி, பறக்கும் பறவையை நூறு படமாவது எடுத்து எத்தனையில் கண் கூர்மையாக இருக்கிறது என்று எண்ணுங்கள். சூரியன் மறைந்த பிறகு அரை மணி நேரம் எடுத்து, ஐஎஸ்ஓ 6400, 12800 படங்களைப் பெரிய திரையில் பாருங்கள். லென்ஸைத் தோளில் மாட்டிக்கொண்டு இரண்டு மணி நேரம் நடந்து பாருங்கள். மூன்றாவதில் பலர் முடிவை மாற்றிக்கொள்வார்கள்.

7. எப்போது வாங்குவது, புதிதா பழையதா

ஒரு பாடியின் அடுத்த பதிப்பு அறிவிக்கப்பட்டதும் பழைய பதிப்பின் விலை இறங்கும், பழைய பொருள் சந்தையிலும் அது நிறைய வரும். அவசரம் இல்லாவிட்டால் அந்த நேரம் சிறந்தது. படமெடுக்கப் போகும் பருவத்துக்கு முன் குறைந்தது இரண்டு மாதமாவது இடைவெளி விட்டு வாங்குங்கள். பட்டன்கள் கைக்குப் பழக அவ்வளவு நாள் பிடிக்கும். புதிதாக வந்த நீள லென்ஸ்களுக்குச் சில நேரம் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும், முன்பணம் கட்டினால் திரும்பப் பெறும் நிபந்தனையை எழுத்தில் வாங்குங்கள்.

பணம் மிகக் குறைவு என்றால் பழைய டிஎஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி உள்ள முந்தைய வகைக் கேமரா) இன்றும் நல்ல தொடக்கம். 2016இல் வந்த நிக்கான் டி500உம் 200-500 லென்ஸும் சேர்ந்தால் பறவைப் படத்துக்கு உண்மையிலேயே வலுவான ஜோடி. 2014இல் வந்த கேனான் 7டி மார்க் 2உம் அப்படித்தான். கண்ணைத் தேடிப் பிடிக்கும் வசதி கிடையாது, ஃபோகஸ் புள்ளியை நீங்களே பறவைமேல் வைத்திருக்க வேண்டும். உதிரிபாகம் கிடைப்பது வருடா வருடம் குறையும் என்பதையும் விலையில் கழித்துப் பாருங்கள்.

பழைய லென்ஸ் வாங்கும்போது டார்ச்சைப் பின்பக்கத்திலிருந்து அடித்து முன்பக்கம் வழியாகப் பாருங்கள். சிலந்தி வலை போல் நூல் நூலாகத் தெரிந்தால் பூஞ்சை, விலை எவ்வளவு குறைவானாலும் வேண்டாம். ஒன்றிரண்டு தூசி பிரச்சினையில்லை. ஜூம் வளையம் ஒரே சீராகத் திரும்புகிறதா, நடுக்கத்தடுப்பு வேலை செய்கிறதா, மவுண்ட் வளையத்தில் அடிபட்ட தடம் இருக்கிறதா என்று பாருங்கள். பாடியில் ஷட்டர் எண்ணிக்கையை (இதுவரை எத்தனை படம் எடுத்திருக்கிறது) கேளுங்கள். முக்கியமாக, சொந்தக் கார்டைக் கொண்டுபோய் அங்கேயே ஐம்பது படம் எடுத்து, பெரிய திரையில் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.

8. காகிதங்கள்

இது சலிப்பான பகுதிதான், ஆனால் பின்னால் தலைவலி வராமல் காப்பது இதுதான். பில்லில் பாடி, லென்ஸ் இரண்டின் சீரியல் எண்களும் தனித்தனியாக இருக்க வேண்டும். எண் இல்லாத பில்லை வாங்காதீர்கள், அங்கேயே எழுதித் தரச் சொல்லுங்கள். பெட்டியில், பொருளில், பில்லில் மூன்றிலும் எண் ஒன்றாக இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். வாரண்டி அட்டையில் கடையின் முத்திரையும் தேதியும் தேவையா, அல்லது கம்பெனித் தளத்தில் குறிப்பிட்ட நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டுமா என்று கேளுங்கள்.

விலை சந்தேகப்படும்படி குறைவாக இருந்தால் அது அதிகாரபூர்வமற்ற வழியில் வேறு நாட்டிலிருந்து வந்த பொருளாக இருக்கலாம். அதற்கு "கடை வாரண்டி" என்பார்கள். கம்பெனி சர்வீஸ் சென்டர் அதை இலவசமாகத் தொடாது, சில இடங்களில் பணம் கொடுத்தாலும் எடுக்க மாட்டார்கள். நீள லென்ஸில் இந்த ஆபத்து வேண்டாம்.

காப்பீடு எடுப்பதானால் பாலிசியின் விலக்குப் பகுதியை முதலில் படியுங்கள். ஆள் இல்லாத வண்டியிலிருந்து திருட்டு, தண்ணீர் சேதம், படத்தை விற்றுச் சம்பாதிப்பது ஆகியவை பல பாலிசிகளில் சேராது. பழைய பொருள் வாங்கினால் விற்றவரிடம் மூலப் பில்லின் நகலும் கைப்பட எழுதிய விற்பனைக் குறிப்பும் வாங்குங்கள், இல்லையென்றால் காப்பீடு தருவதே கடினம்.

வெளிநாடு போகும்போது பில்களின் நகலையும் சீரியல் எண் பட்டியலையும் எடுத்துச் செல்லுங்கள். புறப்படும் விமான நிலையச் சுங்கத்தில் பொருட்களைப் பதிந்து சான்று வாங்க முடிந்தால் திரும்பும்போது வரிக் கேள்வி எழாது. தொழில்முறையாக நிறையக் கருவி கொண்டு போகிறவர்களுக்கு ஏடிஏ கார்னே என்ற சுங்க ஆவணம் உண்டு. கூடுதல் லித்தியம் பேட்டரிகளைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், சரக்குப் பெட்டியில் போடக் கூடாது. 100 வாட்-மணிக்குக் கீழே தனி அனுமதி தேவையில்லை, கேமரா பேட்டரிகள் அந்த எல்லைக்கு வெகு கீழே. பல விமானங்களில் கைப்பை எல்லை 7 கிலோ, பெரிய லென்ஸும் இரண்டு பாடியும் பையும் சேர்ந்தால் அதைத் தாண்டிவிடும். டிக்கெட் எடுக்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

9. துணைப் பொருட்கள்

வண்டியிலிருந்து எடுப்பவருக்கு பீன்ஸ் பை (லென்ஸை மேலே வைத்து எடுக்கும் சின்னப் பை) போதும், ஊருக்குப் போய் அரிசியோ பருப்போ நிரப்பிக்கொள்ளலாம். நடப்பவருக்கு மோனோபாட் (ஒற்றைக் கால் தாங்கி). ஒரே இடத்தில் மறைவில் உட்காருபவருக்கு ட்ரைபாடும் (முக்காலி) கிம்பல் தலையும் (கனமான லென்ஸை எல்லாப் பக்கமும் லேசாகத் திருப்ப உதவும் தலை). மூன்றையும் ஒரே நேரத்தில் வாங்க வேண்டாம். லென்ஸின் கால் தாங்கியின் ஆர்கா-ஸ்விஸ் வகைப் பிடியில் நேரடியாகப் பொருந்துமா என்று மட்டும் பாருங்கள், இல்லையென்றால் தட்டு தனிச் செலவு.

மலிவான யுவி ஃபில்டரை நீள லென்ஸின் முன்னால் மாட்டாதீர்கள். கூர்மை குறைவது கண்ணுக்கே தெரியும். லென்ஸோடு வரும் ஹூட் போதுமான பாதுகாப்பு. ஈரப்பதம் அதிகமுள்ள இடத்தில் வசிப்பவர் என்றால் 40 முதல் 50 சதவீத ஈரப்பதத்தில் வைக்கும் உலர் பெட்டி அவசியம், பூஞ்சை ஏறிய லென்ஸைச் சுத்தம் செய்யும் செலவுக்கு அது எவ்வளவோ மேல்.

10. வாங்கிய முதல் வாரம்

திருப்பிக் கொடுக்கும் கெடு எத்தனை நாள் என்று பில்லிலேயே குறித்துக்கொண்டு, அதற்குள் சோதனைகளை முடியுங்கள். பாடிக்கும் லென்ஸுக்கும் புதிய ஃபர்ம்வேர் (உள்ளே ஓடும் மென்பொருள்) இருந்தால் முதலில் அதைப் போடுங்கள். அச்சடித்த செய்தித்தாளைச் சுவரில் தட்டையாக ஒட்டி, ட்ரைபாடில் வைத்து, லென்ஸின் கடைசி முனையில் அபெர்ச்சரை முழுதாகத் திறந்து எடுங்கள். இடது ஓரமும் வலது ஓரமும் ஒரே கூர்மையில் இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் குழைந்திருந்தால் கண்ணாடி அச்சு விலகியிருக்கிறது, மாற்றித் தரச் சொல்லுங்கள். இந்தச் சோதனையைக் காலையில் செய்யுங்கள். மதிய வெப்பத்தில் செய்தால் நல்ல லென்ஸையும் கெட்டது என்று நினைத்துவிடுவீர்கள். எல்லாம் சரியாக இருந்தால்கூடப் பெட்டியையும் உள்ளிருக்கும் அட்டைகளையும் எறிந்துவிடாதீர்கள். விற்கும்போதும் சர்வீஸுக்கு அனுப்பும்போதும் அவை கட்டாயம் தேவைப்படும்.